தலைசுற்றலுக்குத் தூக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையை முத்தமிட்டு எண்டாங் எழுதுகிறேன். தலைசுற்றல் குறைந்ததா? மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். நான் நலம். நேற்று கோலாலம்பூர் நீதிமன்றத்திலிருந்து என்னை வெளியே தள்ளினார்கள். செருப்புதான் அறுந்தது, வேறொன்றுமில்லை.

எங்கள் அலுவலக வக்கீல்கள் காப்பாற்றப் போராடும் கஸ்மினியும் நம் ஜாவாக்காரிதான். யாரோ கொடுத்தனுப்பிய பெட்டியில் போதைப்பொருள் இருந்திருக்கிறது. போலீஸ் அதைத் திறந்ததும், "பூசிங்கா இருக்கு" என்றிருக்கிறாள். நமக்குப் பூசிங் என்றால் தலைசுற்றல். இந்த மலேசியாவில் பூசிங் என்றால் புளுகு. புளுகியதை அவளே ஒப்புக்கொண்டாள் என்று எழுதித் தூக்கு விதித்துவிட்டார்கள்! மொழிபெயர்க்க ஓர் ஆள் வைக்கவில்லை. "ரெண்டும் ஒரே பாஷைதானே" என்றார்களாம், பாவிகள்.

நேற்று மேல்முறையீட்டில் எங்கள் வக்கீல் இதைச் சொன்னால் அரசு வக்கீல் சிரிக்கிறான், அம்மா.

"ஒரு வார்த்தையப் பிடிச்சிக்கிட்டு ஏன் தொங்குறீங்க?"

"தொங்கப்போறது அவதான்யா!" என்று கத்திவிட்டேன். அதற்குத்தான் தள்ளினார்கள்.

இன்று சிறையில் கஸ்மினி என்னிடம் கேட்டாள்: "அக்கா, இப்பவும் தலை சுத்துது. இங்க அதுக்கு என்ன சொல்லணும்?"

 

பெருநாளுக்கு வருவதாக எழுதியிருந்தீர்களே, கட்டாயம் வாருங்கள். அறையில் இன்னொரு பாய் சும்மாதான் கிடக்கிறது. தைலம் இரண்டு புட்டி கொண்டுவாருங்கள். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

இங்கே வந்து இறங்கியதும் தலை சுற்றினால் யாரிடமும் சொல்லாதீர்கள், அம்மா. என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண்டாங்