முழு மயக்கம்

கிருலப்பனை
3.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள். அதனால் தபால். புடவைக் கடையை விட்டு நின்றபோது கிடைத்த சேமலாப நிதியில் முகத்தை இழுத்துத் தைக்கப் போகிறீர்களாம். அதுவும் முழு மயக்கத்தில். உங்கள் பக்கத்து வீட்டு எவ்லின் அன்ரி சொன்னா.

உங்கள் முகம், உங்கள் விருப்பம். ஆனால் நித்திரையில் உங்களுக்கு மூச்சு நின்றுவிடும். ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவள் நான். எத்தனை தடவை உலுக்கி எழுப்பியிருப்பேன்? அதை டொக்டரிடம் சொன்னீர்களா? ஊசி போட்டு முகத்தை மட்டும் விறைக்கப் பண்ணியும் செய்யலாமாம்.

உங்கள் மகள்,
சாமினி

கொட்டாஞ்சேனை
6.6.2024

சாமினி,

'அன்புள்ள' எல்லாம் உன் படிப்போடு வைத்துக்கொள். நான் எட்டாம் வகுப்பு. ஆனாலும் கிளினிக் போர்மில் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியும். மூச்சுக் கதையை விட்டுவிட்டேன்.

விறைப்பு ஊசி என்றால் முழித்துக் கிடக்க வேணும். எனக்கு விளங்காது என்று நினைத்து என் முகத்தைப் பற்றிச் சிங்களத்தில் கதைப்பார்கள். முப்பது வருடம் கடையில் நின்றவளுக்கு விளங்காதா?

ஒருமுறை கேட்டது போதும். உன் பட்டமளிப்பு அன்று உன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தனீரோ?" என்று உன் சிநேகிதி கேட்டாள். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு கமராவைப் பார்த்தாய்.

கொன்ஸ்ரன்ஸ்

கிருலப்பனை
10.6.2024

அம்மா,

அன்று 'இவர் என் அம்மா' என்று சொல்லாமல் சிரித்தது நான்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லவே கூச்சப்படுகிறவள் நான். நீங்களும் அதைச் சொல்லிச் சொல்லியே திட்டியிருக்கிறீர்கள்.

ஆனால் இன்று கிளினிக்குக்குப் போய், மயக்கம் கொடுக்கிற டொக்டரிடம் மூச்சு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உங்களைக் கூப்பிட்டுச் சோதிப்பாராம்.

கோபம் வரும். வரட்டும். உயிரோடு இருந்து கோபியுங்கள்.

சாமினி

கொட்டாஞ்சேனை
13.6.2024

சாமினி,

டொக்டர் என் கழுத்தை நாடாவால் அளந்தார். நித்திரையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். முழு மயக்கம் தரவே மாட்டாராம். நேர்ஸுக்கு முன்னால் பொய்க்காரியாக நின்றேன்.

"ஆர் வந்து சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒரு பிள்ளை. ஆரெண்டு கேட்டன், சொல்லேல்லை" என்றார்.

அங்கேயும் நீ சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மட்டும் உனக்கு வாய் திறக்கிறது.

ஒபரேஷனை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. விறைப்பு ஊசியில் செய்கிறேன். வேறு வழியை நீ வைக்கவில்லை. இதற்காக உன்னை மன்னிக்கவும் இல்லை.

கூட நிற்க ஒரு ஆள் வேணுமாம். எவ்லினுக்கு முழங்கால் வலி. உன் பெயரை எழுதிக் கொடுத்தேன். உறவுமுறை கேட்ட இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். புதன் காலை ஏழு மணிக்கு வந்து, நேர்ஸுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லி, நீயே நிரப்பு.

நான் முழித்துத்தான் இருப்பேன்.

கொன்ஸ்ரன்ஸ்