கொடுவா இருக்கும் இடத்தை அவர்களிடம் சொல்லிவிட்டேன், சித்தப்பா

ஊருக்கெல்லாம் பொய் வழி காட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்த என் அன்புச் சித்தப்பாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் இடம் இப்போது மூன்று பேருக்குத் தெரியும். கோபத்தில் எழுந்து உட்கார்ந்துவிடாதே. உன்னைப் படுக்க வைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தை ஊரே படிக்கப் போகிறது. அதனால் அது எந்த இடம் என்று எழுத மாட்டேன். படிக்கிறவர்களில் எத்தனை பேர் பரணில் தூண்டில் வைத்திருக்கிறார்களோ, யார் கண்டது? உப்பங்கழியில் ஒரு திருப்பம், சுரபுன்னை மரங்கள் குனிந்து நிற்கும், தண்ணீர் கறுப்பாக இருக்கும். அவ்வளவுதான். உனக்குப் புரியும், மற்றவர்களுக்குப் புரிய வேண்டாம்.

வாரம் முழுக்க முத்தியால்பேட்டைக் கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஆள் மாயம். மதியம் கையில் ஒரு கொடுவா மீனோடு வருவாய். கேட்டால் காலாப்பட்டுப் பக்கம் கடலில் பிடித்ததாகச் சொல்வாய். ஊர் நம்ப வேண்டும் என்று பையில் கடல் மணலை வேறு தூவிக்கொண்டு வருவாய். மீனுக்கு லூர் என்கிற பொய்ப்புழு, மனிதர்களுக்குப் பொய்மணல்.

நான் மட்டும் நம்பவில்லை. உன் வண்டிப் பெட்டியில் என் போனை ஒளித்து வைத்துவிட்டு, அப்பாவின் போன் மேப்பில் நீ புள்ளியாக ஊர்ந்து போவதைப் பார்த்தேன். கடலைப் பார்த்துப் போக வேண்டிய புள்ளி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. அடுத்த ஞாயிறு சைக்கிளில் வந்து உன் பின்னால் நின்று இருமினேனே, நினைவிருக்கிறதா? தூண்டில் ராடோடு தண்ணீரில் விழப் பார்த்தாய்.

"பிசாசே! எவன்கிட்டயாவது சொன்ன, உன்னையே புழுவா மாட்டிப் போட்டுருவேன்" என்றாய். தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாய். உன் தலையில். என் தலை மேல் உனக்கு நம்பிக்கை இல்லை.

நீ கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அப்பா கேட்டார், சொல்லவில்லை. உன் வருஷப் பூசை முடிந்த மறுநாள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஒருவர் குமரன் அண்ணன், போன் கடையில் வேலை செய்கிறவர். ஞாயிறானால் மீனோடு முகத்தை ஒட்டிவைத்துப் படம் போடுவாரே, அவர்தான். படத்தில் எது மீன் என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் ஆகும். இன்னொருவர் சொல்தா லூர்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து அந்தப் பட்டத்தோடு வந்தவர், வாலிபத்தில் ஏரியில் வாத்து சுட்டவர், இப்போது குளிர்காலத்தில் அதே ஏரிக்கரையில் பறவை எண்ணுகிறவர். சுட்டவரே எண்ணுகிறார் என்றால், மீதி எத்தனை என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

"கழியில ராத்திரி பகலா வீடு இடிச்ச கல்லு மண்ணு கொண்டாந்து கொட்டுறானுங்கம்மா" என்றார் குமரன் அண்ணன். "செத்த தண்ணி, அங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லியே மூடிட்டு வரானுங்க. மீன்குஞ்சு வளர்ற இடம் இதுன்னு காட்டினாத்தான் தடுக்க முடியும். உங்க சித்தப்பா எங்க தூண்டில் போட்டாருன்னு உனக்குத்தான் தெரியுமாம்."

"எங்க சித்தப்பா காலாப்பட்டுலதானே புடிச்சாரு?" என்றேன், உன் முகத்தை என் முகத்தில் மாட்டிக்கொண்டு.

சொல்தா சிரித்தார். "கழியில வளர்ந்த கொடுவா கறுத்திருக்கும், கடல் கொடுவா வெள்ளி மாதிரி மின்னும். உன் சித்தப்பன் மணலைத்தான் மாத்தினான், மீனோட நெறத்த மாத்த முடியலியே."

ஆக, உன் மணல் வித்தை பாதிப்பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் உன் மனசு நோகக் கூடாது என்று தலையாட்டியிருக்கிறார்கள். யார் யாரை ஏமாற்றினீர்கள் என்று நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. மீன் பிடிக்கிறவனுக்கு மீன் மேல் என்ன அக்கறை? ஆட்டுக்குத் தழை போடுகிற கறிக்கடைக்காரரின் அக்கறையா? இயற்கை, குஞ்சு, கழி என்று பேசி என்னிடமே தூண்டில் போடுகிறார்களோ? இடத்தைத் தெரிந்துகொண்டு, அடுத்த ஞாயிறே ஆளுக்கு ஒரு கொடுவா மீனோடு படம் போட்டால்?

அதனால் அவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் முனை இருக்கிறதே, தவளைகூட யோசித்துத்தான் இறங்கும், அதைக் காட்டி "இதான் சித்தப்பா இடம்" என்றேன். மீனுக்காக வந்தவர்கள் என்றால் ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போவார்கள். நிஜமாகவே அக்கறை உள்ளவர்கள் என்றால் நிற்பார்கள். பாலத்து டீக்கடையில் உட்கார்ந்து வேவு பார்த்தேன்.

வந்தார்கள். கையில் ராடும் இருந்தது, கோணிப்பையும் இருந்தது. ராடைப் பார்த்ததும் "மாட்டினீங்களா!" என்று எனக்குள் ஒரு குதி. கொஞ்ச நேரம் போட்டார்கள். ஒன்றும் கடிக்கவில்லை. பிறகு பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிக் கிழிந்த வலை, அறுந்த தூண்டில் நரம்பு எல்லாவற்றையும் இழுத்துக் கோணியில் திணித்தார்கள். அந்த நாற்றத்துக்கு நான் டீயை மாற்றச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும். பாஸ் என்று எழுதப்போன நேரத்தில் எனக்கு உறைத்தது. ஒரு மீனும் கிடைக்காத இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது தூண்டில்காரனுக்குப் புதுசா? நீயே மழைக்காலம் முழுக்க வெறுங்கையோடு வருவாயே! நான் வைத்த பரீட்சையில் கேள்வித்தாளே தப்பு.

அன்றைக்குத்தான் அந்த மடையான் கொக்கு கண்ணில் பட்டது. காலில் நைலான் நரம்பு சுற்றிக்கொண்டு, செடியில் தலைகீழாகத் தொங்கியது. சொல்தா தன் துண்டால் அதன் முகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த நகவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டினார். நான் டீக்கடையிலிருந்து இறங்கி ஓடிவிட்டேன். வேவு பார்க்க வந்தவள் நேராக எதிரி முகாமில்.

"இந்த நரம்பு யாரு போட்டது?" என்று கேட்டேன். "உங்கள மாதிரி ஒருத்தர்தானே?"

"எங்கள மாதிரி ஒருத்தன்தான்" என்றார் சொல்தா, தலை நிமிராமலேயே. "நானாக்கூட இருக்கலாம்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே அதையும் சந்தேகப்பட்டேன். "வாத்தைச் சுட்டவரு மடையானைக் காப்பாத்துறீங்களே" என்று கிள்ளிப் பார்த்தேன்.

"அப்போ ஒரு கண்ண மூடிக்கினு பாத்தேன். இப்போ ரெண்டு கண்ணாலயும் பாக்குறேன். அவ்ளோதான் புள்ள வித்தியாசம்."

மடையான் அவர் கையைக் கொத்திவிட்டுப் பறந்தது. நன்றி சொல்ல அதற்கும் தெரியாது போல.

மறுவாரம் உன் தூண்டில் பெட்டியை அவர்களிடம் கொண்டுபோனேன். பெட்டியைப் பார்த்ததும் கை நீளுமா என்று பார்க்கத்தான். குமரன் அண்ணனின் கை நீளத்தான் செய்தது. ஒரு கொக்கியை எடுத்து விரலால் தடவினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு சொல்தாவிடம் நீட்டினார்.

"இன்னா அண்ணே, துருவா?" என்றேன்.

"இல்லம்மா. மாட்டின மீன் நழுவாம இருக்க, நுனிக்குக் கீழ குட்டியா ஒரு எதிர்முள் இருக்கும். அத்தனையிலயும் நசுக்கி வச்சிருக்காரு. மீனை நோகாம கழட்டி விடறவங்கதான் இப்டி செய்வாங்க."

"எங்க சித்தப்பா எதுக்கு விடணும்? சின்னதா புடிச்சு வீட்டுக்குக் கொண்டாருவாரே?"

"சின்னதத்தான் கொண்டாந்திருப்பான்" என்றார் சொல்தா. "கொடுவால சின்னதெல்லாம் ஆணு. வளர வளரத்தான் பொட்டையா மாறும். பெருசு ஒவ்வொண்ணும் முட்டை வைக்கிற தாயி. பெருச விட்டிருக்கான்."

சித்தப்பா, நீ சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "பெருசா ஒண்ணு, நரம்ப அறுத்துக்கினு ஓடிடுச்சு" என்று கையை அகல விரிப்பாய். நாங்கள் சிரிப்போம். அம்மா, "உன் கைதான் வாராவாரம் பெருசாவுது" என்பாள். நீயும் சிரிப்பாய். அந்த மீன்கள் ஓடவில்லையா? நீதான் விட்டாயா? குழம்புக்கு ஆகிற மீனை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அம்மா உன்னை விட்டிருக்க மாட்டாள், அது சரி. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே?

அன்று சாயங்காலமே தனியாக உன் இடத்துக்குப் போனேன். நீ போன பிறகு முதல் தடவை. பாதையில் டிராக்டர் தடம். நீ நின்ற இடத்தில் உடைந்த டைல்ஸ், செங்கல், பாதி கக்கூஸ் கோப்பை. சுரபுன்னையின் மூச்சுவேர் மேலெல்லாம் சிமென்ட் தூள். தண்ணீர் பாதிதான் மிச்சம். உன் ரகசியத்தை நான் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், அந்த ரகசியத்துக்குள் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்குமே தெரியாத இடம் மூடப்பட்டால் யார் கேட்பார்கள்?

அன்றே குமரன் அண்ணனுக்குப் போன் போட்டேன். நிபந்தனைகள் மட்டும் விதித்தேன். இரண்டு பேரும் ராட் இல்லாமல் வர வேண்டும், போன்கள் என் பையில் இருக்க வேண்டும். "என்னம்மா, ஏர்போர்ட் மாதிரி பண்ற" என்று முனகிக்கொண்டே கொடுத்தார். இடத்தைப் பார்த்ததும் சொல்தா தொப்பியைக் கழற்றினார். குமரன் அண்ணன் கல்லைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கேட்டார். "இங்க இன்னா லூர் போட்டாரு?"

"அண்ணே!"

"சும்மா கேட்டேம்மா."

மனு கொடுத்தோம். மீன்வளத் துறையிலிருந்து ஒரு மேடம் வந்தார், இடம் தெரிந்த மூன்றாவது ஆள் அவர்தான். நல்ல வெயில். கல்லையும் கழியையும் பார்த்துவிட்டு, "இங்க மீனே கிடையாதுன்னு கல்லு கொட்டுறவங்க எழுதிக் குடுத்திருக்காங்களே. இருக்குன்னு யாரு பாத்தது?" என்று கேட்டார். நான் உன் பெயரைச் சொன்னேன். பார்த்த ஒரே ஆள் செத்துப்போய்விட்டார், அவரும் மீன் விஷயத்தில் ஊரறிந்த பொய்யர் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம்தான் குமரன் அண்ணன் வண்டியிலிருந்து ராடை எடுத்தார். இந்தத் தடவை நானே சரி என்றேன். மீன் இருக்கிறது என்று காட்ட மீனைப் பிடித்துத்தானே ஆக வேண்டும்? உன் கொக்கியைத்தான் மாட்டினார். நான் மேடத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீனை இல்லை.

நெடுநேரம் கழித்து நரம்பு விறைத்தது. ராட் வளைந்தது, தண்ணீர் கிழிந்தது. கறுத்த முதுகோடு ஒரு கொடுவா, நீ சாப்பிடும்போது கை விரித்துக் காட்டுவாயே, அந்த அகலம். கரைக்கு வந்ததும் குமரன் அண்ணன் மண்டி போட்டு அதைத் தண்ணீரிலேயே இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். மேடம் வீடியோ எடுத்து முடித்து "போதும், விடுங்க" என்றார்.

அவர் விடவில்லை.

"அண்ணே" என்றேன்.

"ஒரு நிமிஷம்மா." அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "இந்த மாதிரி ஒண்ணு என் கையில இனிமே வராது."

கொக்கியைக் கழற்றினார். கையைத் திறந்தார். மீனுக்கு விடுதலை ஆனது தெரியவில்லை, அவர் கைகளுக்கு நடுவிலேயே வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. பிறகு ஒரே ஒரு வால் அடி, அவர் முகமெல்லாம் தண்ணீர். துடைத்துக்கொள்ளவே இல்லை. அதனால் அது கழித் தண்ணீர்தானா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

துறை ஆட்கள் பாதைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டிவிட்டார்கள், இப்போதைக்கு டிராக்டர் வருவதில்லை. இப்போதைக்கு என்றுதான் சொல்கிறேன். கொட்டிய கல் அப்படியே கிடக்கிறது, ஞாயிறுதோறும் கையால் பொறுக்குகிறோம். குஞ்சு வளரும் மாதங்களில் அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் உறுத்துகிறது, சித்தப்பா. அன்றைக்கு மேடம் இருந்தார், வீடியோ இருந்தது, நான் இருந்தேன். யாருமே இல்லாவிட்டால் குமரன் அண்ணன் விட்டிருப்பாரா? அவரைக் கேட்டேன். "தெரியல பிரின்சி" என்றார். சரி, நீ? யாரும் பார்க்கவில்லை, யாரும் கைதட்டவில்லை, வீட்டுக்கு வந்தால் கேலி வேறு. எப்படி விட்டாய்? ஒருநாள்கூடக் கை இறுகவில்லையா?

நானும் தூண்டில் போடப் போகிறேன். யாரும் பார்க்காத ஒரு ஞாயிறு, கறுத்த முதுகோடு ஒன்று என் கைக்கும் வரும். அன்றைக்கு நான் என்னவெல்லாம் சாக்கு கண்டுபிடிப்பேன் என்று எனக்குத் தெரியும், நான் வளர்ந்த லட்சணம் அப்படி. இருந்தாலும் சொல்கிறேன், விட்டுவிடுவேன். என் தலைமேல் சத்தியம். இந்தத் தடவை என் தலைதான்.

உன் அண்ணன் பெற்ற, யாரையும் நம்பாத, அதில் தன்னையும் சேர்த்துக்கொண்ட மகள்,
பிரின்சி