இறால் கண்டெய்னரும் இரண்டு தேதிகளும்

இன்று காலை கணினியில் புரோகிராம் எழுதும் எடிட்டரில், தேதிக் கணக்குப் போடும் ஒரு ஃபங்ஷன் பெயரை அடித்து அடைப்புக்குறியைத் திறந்தேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து வந்தது: முதலில் கண்டெய்னர் வந்த தேதி, அடுத்து கப்பல் தேதி. நான் கேட்காமலே காட்டியது. என்னோடு வேலை பார்த்த நீ கேட்டும் கிடைக்காதது இதுதானே!

துறைமுகத்துக்கு வெளியே நம் கண்டெய்னர் யார்டு ஆபீசில் அன்று இருந்தது எழுத்தை அடிக்க மட்டும் முடிகிற வெறும் பெட்டி. எந்த ஃபங்ஷனுக்கு எதை முதலில் கொடுப்பது என்பதெல்லாம் மனப்பாடம்தான். "எது முன்னால, எது பின்னாலன்னு காட்டுற எடிட்டர் ஒண்ணு போட்டுத் தாங்க அண்ணாச்சி" என்று முதலாளியிடம் எத்தனை முறை கேட்டிருப்பாய்! "படிச்சவன்தானல நீ? மண்டையில வச்சிக்கிட மாட்டியோ?" என்று சிரித்து ஒதுக்குவார்.

குளிர் கண்டெய்னருக்கு எந்த நாள்வரை கரண்ட் கொடுக்க வேண்டும் என்று கணக்கிடும் ஃபங்ஷன் அது. இந்த ஊரில் சரக்கு என்றால் யாரும் முதலில் கேட்பது "கப்பல் என்னைக்கு?" என்றுதான். அந்தப் பழக்கத்தில் நீயும் கப்பல் தேதியை முதலில் போட்டுவிட்டாய். இரண்டுமே தேதி என்பதால் டேட்டாபேஸும் தடுக்கவில்லை. கண்டெய்னர் வந்த தேதியே கப்பல் தேதியாகி, கப்பல் போய்விட்டதாகக் கணக்காகி, யார்டில் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். உள்ளே இருந்த இறால் அழுகியது.

முதலாளி திறந்த கண்டெய்னர் முன்னால் உன்னை நிறுத்தி, "மீன்பிடிக்கிற திரேஸ்புரத்துல பொறந்தவன் இறால நாறவச்சிட்டான், பாருங்க" என்றார். வேலையை விட்டு அனுப்பியதோடு நிற்காமல் மற்ற யார்டுகளிலும் சொல்லிவைத்தார். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதில் உன்மேலும் எனக்குக் கோபம்தான். வேலையில்லாமல் அலைந்தாய், மஞ்சள்காமாலையில் படுத்தாய், போயே போய்விட்டாய்.

இப்போது எல்லா மேசையிலும் அந்த எடிட்டர் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இன்று முதலாளி பெருமையடித்தார்: "முந்தி ஒரு மடையன் தேதிய மாத்திப் போட்டான். அதான் யோசிச்சு இத வாங்கினேன்."

நான் எழுந்து நின்றேன். "அந்த மடையனுக்குப் பேரு இருக்கு அண்ணாச்சி" என்று உன் பெயரைச் சொன்னேன். "யோசிச்சு இத மொதல்ல கேட்டது அவன்தான். தர மாட்டேன்னது நீங்க." அவர் முகம் கறுத்துவிட்டது. "நாளைக்கு வராதல" என்றார்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். உன் அம்மா வேலை போனதைப் பற்றிக் கேட்கவில்லை.

"எம்மவன் பேரச் சொல்லியா சொன்ன?"

"ஆமா. எல்லாரு முன்னாலயும்."

"இன்னொரு தடவ சொல்லுய்யா" என்றாள்.

சொன்னேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இந்தக் கோபம் ஆறாது, ஆறவும் விடமாட்டேன்.