மீட்டருக்குத் தெரியாத தொண்டூர்

இன்று காலை திருவண்ணாமலை ரோட்டில், மோட்டார் காயில் கட்டும் கடையைத் தாண்டும்போது கருகல் வாடை மூக்கில் ஏறியது. தொண்டூர்க் கிணற்று மோட்டாராம், வோல்டேஜ் குறைந்து எரிந்ததாம். உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. பாவி, நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் செஞ்சி மின்சார ஆபீசில் இன்ஜினியராகச் சேர்ந்தோம். நீ லைனைப் பார்த்தாய். எந்த ஊருக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று நான் திட்டம் போட்டேன். தொண்டூருக்கு ஒன்று வேண்டும் என்று முதலில் சண்டைக்கு வந்தவள் நீதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், "இன்னாடி ஆச்சு நம்ம தொண்டூரு?" என்றாய். "மொதல்ல உன் ஒடம்பப் பாருடி" என்று கத்தினேன். கத்திவிட்டு வெளியே வந்து அழுதேன்.

நீ போன பிறகு திட்டம் போடுவது செயற்கை நுண்ணறிவு. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் ஒரு மீட்டர். அது அளப்பதெல்லாம் கிளவுடுக்குப் போகும். இனி எங்கே லோடு ஏறும் என்று அங்கிருந்து பதில் வரும். பனமலைப் பக்கம் ஏறப்போவதை எனக்கு முன்னாலேயே சொன்னது, மெச்சிக்கொண்டேன். தொண்டூருக்கு மட்டும், "லோடு குறைவு, புதிது தேவையில்லை" என்றது.

குறையாமல் என்ன செய்யும்? எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடினால் எரிந்துவிடும் என்று பயந்து, ஊரே முறை வைத்தல்லவா ஓட்டுகிறது! கிழக்குக் கொல்லைக்காரர்களுக்குக் காலை, மேற்கே மதியம். கடைசி ஆளின் முறை வருவதற்குள் கரண்ட் போய்விடும், அவர் பயிர் காயும். ஜனங்கள் பொறுத்துக்கொண்டதைப் பார்த்து, போதும் என்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டது. அதைத் திட்டி என்ன பயன்? தொண்டூரைத் தெரிந்த நாம்தானே சொல்ல வேண்டும்.

சொன்னேன். கூட்டத்தில் பெரிய அதிகாரி, "சிஸ்டமே தொண்டூருக்கு வேணாங்குது, இந்தத் திட்டத்துல கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றார்.

"முடியாது சார். தொண்டூருக்கு வாங்க. ஒரே ஒரு தடவ எல்லா மோட்டாரையும் ஒண்ணா போடச் சொல்றேன்."

"ஐயையோ, டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிடும்மா!"

"அதத்தான் சார் நானும் சொல்றேன்."

நீ இருந்திருந்தால் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பாய். ஆபீஸே பயந்த உன் பிடிவாதம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, யாருக்கும் தருவதாக இல்லை. பேனாவை மூடி வைத்தேன்.

அவர் முகம் கடுகடுத்தது. "யார் பேச்சக் கேட்டு இப்பிடி ஆடுறீங்க? ட்ரான்ஸ்ஃபர் வந்துடும், தெரியும்ல?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அவங்க செத்துட்டாங்களே மேடம்."

"ஆமாங்க சார். அவள எங்க ட்ரான்ஸ்ஃபர் பண்ணுவீங்க?"