துண்டு போட்ட இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாமாவுக்கும் பையன்கள் இருவருக்கும் என் அன்பைச் சொல்.

முதலில் நல்ல செய்தி. ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. கணையத்தில் கட்டி இருந்த பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஸ்கேனில் கல்லீரல் சுத்தம், நுரையீரல் சுத்தம். ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டிய டாக்டரம்மாவைக் கட்டிப்பிடிக்கப் போனேன். "அய்யோ, தையல் தையல்!" என்று அவர் பின்னால் நகர்ந்துவிட்டார்.

இனி பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதால் டிப்போ ஆபீஸில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள். காலமெல்லாம் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவளை நாற்காலியில் உட்கார வைத்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. டிரைவர்கள் வேறு வந்து, "நீ இல்லாம வண்டியில சத்தமே இல்லக்கா, ஸ்டாப்பு வந்தாலும் ஒருத்தனும் முழிக்க மாட்டேங்கிறான்" என்று வம்புக்கு இழுக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன், வாய் சும்மா இருக்கவில்லை. ஆராய்ச்சிக்கு என்று என் ரத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்தார்கள். எக்ஸோசோம் என்று ஒன்றைப் பார்க்கிறார்களாம். பெயரைக் கேட்டதும், "அது என்ன, துணி சோப்பா?" என்று கேட்டுவிட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்பில் இருக்கிற செல்லெல்லாம் கண்ணுக்கே தெரியாத குட்டிப் பொட்டலங்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்குமாம். அவை ரத்தத்தோடு போய் வேறு செல்லிடம் சேருமாம். உள்ளே சேதி இருக்குமாம். புண் ஆறுவதற்கும், நோயோடு சண்டை போடுவதற்கும் அவையும் ஒத்தாசையாம். தாய்ப்பாலில்கூட இருக்குமாம். நானும் கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான், "கெட்ட செல்லும் இதையேதாம்மா பண்ணும்" என்றார். கட்டியிலிருந்து கிளம்புகிற பொட்டலம் ஈரலில் போய் இறங்கி, பின்னால் வரப்போகிற கட்டி தங்குவதற்குத் தோதாக அந்த இடத்தையே மாற்றி வைக்குமாம். ஸ்கேனில் அது தெரியாதாம்.

எனக்குச் சுரீர் என்றது. "துண்டு போட்டு எடம் புடிக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

உனக்குத்தான் தெரியுமே, பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டு, அப்புறம் சாவகாசமாக ஏறி வருகிற ஆட்களோடு நான் போட்ட சண்டையெல்லாம். "துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டு, தூக்கி ரோட்டில் போட்டுவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் வயிற்றிலேயே துண்டு போடுகிறது என்றால் அதற்கு எவ்வளவு திமிர் பார்.

என் ரத்தத்தில் அந்த வகைப் பொட்டலம் அதிகமாகத்தான் இருக்கிறதாம். "இத வச்சு எதையும் முடிவா சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. நானும் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீ இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு உட்காராதே.

என் மகள் வாலு நன்றாக இருக்கிறாள். வாயைத் திறந்தால் மூடுவதில்லை. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நீ சொல்ல வேண்டாம். அவள் வரைந்த படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். உன் முன்னறைச் சுவரில் ஒட்டி வை. சும்மாதான்.

உன் தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

நலமறிய ஆவல். முன்னால் போடுகிற வார்த்தையை இந்தத் தடவை விட்டுவிட்டேன். உனக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

ஈரலில் வந்துவிட்டது, அக்கா. ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில். ஸ்கேனைக் காட்டும்போது டாக்டரம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. நான்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், கூத்தைப் பார். மருந்து ஏற்றுகிறார்கள். நோய் போவதற்கில்லை, தள்ளிப்போடுவதற்குத்தான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எதுவரைக்கும் என்று கேட்டேன். "பொண்ணோட பரீட்சை வரைக்கும் பாத்துக்கலாம்மா" என்றார். இந்த வருஷத்துப் பரீட்சையா, அடுத்த வருஷத்துப் பரீட்சையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பயமாக இருக்கிறது. என் உயிருக்காக இல்லை. அது போனால் போகிறது. அவளை எங்கே விடுவேன்? அவள் அப்பன் எங்களை விட்டுப் போனவன், இப்போது எங்கே குடும்பம் நடத்துகிறானோ. தெரிந்தாலும் அவனிடம் விட மாட்டேன்.

முதலில் படம் அனுப்பினேன். அடுத்த தடவை, உன் சின்னவனுக்கு ஆகும் என்று சொல்லி அவள் ஸ்வெட்டரை அனுப்பினேன். அதற்கப்புறம் அவள் செருப்பு ஒரு ஜோடி, அங்கே இருக்கட்டும் என்று. எதற்கு இதெல்லாம் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சாப்பாட்டில் உப்பு ஒரு கல் கூடினால்கூட ஏன் என்று கேட்கிறவள் நீ. உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்துவிட்டது. படத்தை ஒட்டிவிட்டதாகவும், அதைப் பார்த்துச் சின்னவன், "இந்த வாலு எப்ப வரும்?" என்று கேட்டதாகவும் எழுதியிருந்தாய். அதை பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பத் திரும்பப் படித்தேன். நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன். நம்புவாயா, நான்!

உன் வீடு சின்னது. பையன்கள் இருவரும் ஒரே கட்டிலில் முட்டிக்கொண்டு படுக்கிறார்கள். மாமா நல்லவர்தான், ஆனால் எனக்காக நீ அவரிடம் பேசியாக வேண்டும். "வரட்டும்" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். அது வந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

அவளைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். திட்டினால் பதிலுக்குத் திட்டுவாள், அதைப் பெரிதாக எடுக்காதே. பதிலே பேசவில்லை என்றால் காய்ச்சல் என்று அர்த்தம், தொட்டுப் பார். தலை பின்னும்போது இழுத்துவிடாதே. அழும்போது கேள்வி கேட்காதே, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. லீவுக்குப் பெரியம்மா வீடு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "நீயும் வருவேல்ல?" என்று கேட்டாள். "நீ முன்னாடி போய் எடம் புடி, நான் பின்னாடியே வரேன்" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இந்தப் பார்சலைப் பிரித்ததும் மேலாக ஒரு பச்சைத் துண்டு இருக்கும். அவள் தினமும் துவட்டுகிற துண்டு. பையன்கள் கட்டிலில் சுவரோரமாக அதை விரித்து வை. துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா என்று நீ என்னைக் கேட்கலாம், கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. எடுக்கவில்லை. ஊரார் போட்ட துண்டையெல்லாம் தூக்கி ரோட்டில் போட்டவள், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அதை மட்டும் எடுத்துவிடாதே, அக்கா. அவள் வந்து உட்காருகிற வரைக்கும்.

உன் தங்கை