கூரைத் தொட்டி

மச்சானுக்கு ஸலாம்.

கால் எப்படி என்று கேட்கமாட்டேன். கேட்டால் "நல்லாத்தான் கீது" என்பீர்கள்.

கட்டிலும் அடுப்பும் வைத்து நாம் கட்டிய வண்டியை வாங்க, நம் கோடம்பாக்கம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். டீசலைக் குடிக்கிறது, மலையில் முக்குகிறது, விற்றுவிடலாம் என்று நீங்களே சொல்லி அனுப்பினீர்களாம். டீ கொடுத்து, ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

ஏற்காட்டில் சினிமா படப்பிடிப்பு. உங்களுக்குப் பதில் வெள்ளைச்சாமி வண்டி ஓட்ட, வழக்கம்போல் நான் சமையலுக்குப் போனேன். புறப்படும் முன் கூரைத் தொட்டியில் குழாயைப் போட்டான். மெட்ராஸ்காரப் புத்தி, தண்ணீர் வந்தால் பிடித்தே ஆக வேண்டும்.

"ரெண்டு குடம் போதும், மூடுடா."

"இன்னாக்கா, ரொப்பாம அண்ணன் வண்டியவே எடுக்க மாட்டாரு!"

"ரொப்பின தொட்டி என்னா கனம்! அண்ணன் ஒரு கல்யாணக் கூட்டத்தையே தலைமேல ஏத்திக்கினு மலை ஏறின மாதிரிதான். ஏன், மலையில தண்ணி இல்லியா?"

அதே எஞ்சின்தான் மச்சான். எந்த வளைவிலும் திணறவில்லை, கரும்புகை கக்கவில்லை. மேலே போய் ஓடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டோம். வீடு திரும்பியபோதும் டீசல் மிச்சம் இருந்தது.

வந்தவரிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது விடியற்காலையில் கொட்டிவாக்கம் ரோட்டில் வெள்ளைச்சாமி எனக்கு ஓட்டப் பழக்குகிறான். கிளட்ச் கெட்டிதான். உங்கள் இடது கால் தேறி வரும்வரை என் இடது கால் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டில் தலையணை போட்டு உட்கார்ந்திருப்பவள்