கடைசி ஆள் இறங்கி வரும் வரை

என் அன்பு சுகுணாவுக்கு,

நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை. டூட்டி முடிந்து பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தால் நீ வீட்டில் இருப்பாய், இல்லையென்றால் ஓடப் போயிருப்பாய். இப்போது எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், நீ பொறுத்துக்கொள்.

நம் தீபா நன்றாக இருக்கிறாள். திருப்பதியில் அதே செல்போன் கம்பெனியில்தான் வேலை. உன் ஸ்கூட்டரை அவள் எடுத்துப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எனக்குக் குழம்பு வைத்து, "நைனா, ரெண்டு நாளைக்கு வரும், வேளாவேளைக்குத் துன்னு" என்று அதட்டிவிட்டுப் போகிறாள். அதட்டும்போது அச்சு அசல் நீயேதான்.

இந்த வருஷமும் நம் சித்தூரில் அந்த ஓட்டப் போட்டியை நடத்தினார்கள். நான் ஓடினேன். சிரிக்கிறாயா? இந்தத் தொப்பையோடு, முப்பது வருஷம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்த இந்த முதுகோடு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன்னைத் தெரியாதவர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

டாக்டர் சர்க்கரை என்றதும் நீ நடக்க ஆரம்பித்தாய். நடை ஓட்டமாக மாறியது எப்போது என்று எனக்கே தெரியாது. மின்சார ஆபீஸ் வேலைக்குப் போவதற்கு முன்னால், சுடிதார் போட்டுக்கொண்டு, துப்பட்டாவைக் குறுக்கே கட்டிப் பின் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவாய். "அம்பது வயசுல உன் பொண்டாட்டிக்கு ஓட்டம் இன்னாத்துக்குடா?" என்று பாலசமுத்திரத்திலிருந்து என் அக்கா போன் போட்டுக் கேட்டாள். நீ ஓடிவிட்டு வரும்போது உன் முகத்தில் இருந்ததை அக்காவுக்கு எப்படிச் சொல்வது?

சித்தூரில் சமதரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே திரும்பினாலும் பாறை, குன்று, மேடு. ஓட்டத்துக்குப் போட்ட பாதையில் மூன்று ஏற்றம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் பையன்கள் முதல் ஏற்றத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்களாம், மூன்றாவதில் வாயே திறக்க மாட்டார்களாம். நீதான் சொல்வாய். ஏறும்போது கெண்டைக்கால் எரியும், இறங்கும்போது கால் விரல் எல்லாம் ஷூவின் முனையில் போய் இடிக்கும், ஏற்றத்தைவிட இறக்கம்தான் பொல்லாதது என்பாய். கடைசி ஏற்றத்துக்கு ஓடுகிறவர்கள் வைத்த பெயர் மாந்தோப்பு ஏற்றம். மேலே போனால் இரண்டு பக்கமும் மாமரம். அங்கே எலுமிச்சைத் தண்ணீர் தருவார்கள். குடித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். கீழே மைதானம், ஓட்டம் முடிகிற வளைவு, மெடல்.

போன வருஷம் அந்த இறக்கத்தில்தான் அடித்தார்கள் உன்னை.

ஓடி முடிக்க அறிவித்த நேரம் முடிய இன்னும் அரைமணிக்கு மேல் இருந்தது. ஆனால் பரிசு கொடுக்க வந்துகொண்டிருந்த பெரிய மனிதருக்கு அவசரம். அவருடைய கார்கள் போக வேண்டும் என்று, ஓட்டத்துக்காக மூடிய சாலையைத் திறந்துவிட்டார்கள். மலையில் இன்னும் யாராவது ஓடிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவர் கார்கள் போயின. அதுவரை நிறுத்தி வைத்திருந்த வண்டிகள் எல்லாம் பின்னாலேயே பாய்ந்தன. நான் டிரைவர். எனக்குத் தெரியும், மணிக்கணக்கில் வெயிலில் மறித்துப் போட்ட டிரைவர் வழி கிடைத்ததும் எப்படி வருவான் என்று. நானும் அப்படித்தான் வந்திருப்பேன். தக்காளிப் பெட்டி ஏற்றிய மினி லாரி ஒன்று இறக்கத்தில் இன்னொரு வண்டியை முந்தப் பார்த்தது. நீ ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாய்.

மைதானத்தில் உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். யாரோ கத்திக்கொண்டு வந்தார்கள்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தினம் நான் பஸ் ஓட்டும் ரோடு. அன்றைக்கு உன் தலைமாட்டில் உட்கார்ந்து போனேன். பூதலப்பட்டு தாண்டும்போது கண் திறந்தாய். "எனக்குப் பின்னால ரெண்டு பேர் வந்துகினு இருந்தாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டாய். இல்லை என்றேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, சும்மாதான் சொன்னேன். பாகாலா வருவதற்குள் நீ போய்விட்டாய்.

அந்த மினி லாரி டிரைவர் பலமநேர்க்காரன். ஜாமீனில் வந்ததும் வீட்டுக்கு வந்து வாசலிலேயே குந்திக்கொண்டு அழுதான். "ரோடு தெறந்துட்டாங்கன்னு வந்தேண்ணா" என்றான். நான் அவனைத் திட்டத்தான் எழுந்தேன், தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அவன்மேல்தான் கேஸ். சாலையைத் திறந்தவர்கள்மேல் ஒன்றும் இல்லை.

ஓட்டத்தை நடத்தியது ஊர்ப் பெரியவர்களின் கமிட்டி. தலைவர் ஜவுளிக்கடைக்காரர், தீபாவுக்குப் பட்டுப் பாவாடை எடுத்தோமே, அந்தக் கடைதான். கருமாதிக்கு மறுநாள் அவரைப் போய்ப் பார்த்தேன். காபி வரவழைத்தார். வருத்தப்பட்டார். அப்புறம் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார், "அம்மாகாரு டைம் அயிபோயிந்தண்டி." உன் நேரம் முடிந்துவிட்டதாம். நேரம் முடிந்தபிறகு ரோட்டில் இருந்ததால் நீ ஓட்டத்தில் இல்லையாம். சும்மா ரோட்டில் போன ஒருத்தியை வண்டி அடித்ததற்குக் கமிட்டி என்ன செய்யும்?

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு செத்தவளை ஓட்டத்தில் இல்லை என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி நாக்கு வருகிறது, சுகுணா?

உனக்குப் பின்னால் வந்த அந்த இரண்டு பேரும் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் ஆபிரகாம் அண்ணன், மிஷன் பள்ளிக்கூடத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எழுபது வயசு. இன்னொருத்தி ஸ்வப்னா, வெதுருகுப்பத்திலிருந்து வந்து இங்கே காலேஜில் படிக்கிற பெண். "நேரம் முடியலப்பா, நான் கையில கடிகாரம் கட்டிகினுதான் ஓடினேன். எங்க வேணா வந்து சொல்றேன்" என்றார் அண்ணன். எங்கே போய்ச் சொல்வது? போலீசில் போய்ச் சொன்னோம். கேட்டுக்கொண்டார்கள். அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருஷம் பேனர் கட்டினார்கள். 'பத்திரமான ஓட்டம்' என்று தெலுங்கில் பெரிய எழுத்து. மூலையில் ஒரு மெழுகுவத்திப் படம். யாருக்கு என்று பெயர் இல்லை. என் பஸ் தினமும் அதன் அடியில்தான் போனது. மூன்றாம் நாள் தீபாவுக்குப் போன் போட்டு, "என் பேரைக் குடு அதுல" என்றேன்.

"நைனா, உன்னால முடியாது. உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பண்றது?"

"நான் ஓடறதுக்குப் போவல. கடைசியா வர்றதுக்குப் போறேன். நான் இறங்கி முடிக்கிற வரைக்கும் ரோட்டைத் தெறக்கக் கூடாது, பாக்கலாம்."

அவள் என்னைத் திட்டித் தீர்த்தாள். அப்புறம் பதிவு செய்தாள். ஆபிரகாம் அண்ணனுக்கும் ஸ்வப்னாவுக்கும் அவளே சொல்லியிருக்கிறாள்.

டிப்போவில் பஸ்களுக்கு நடுவே ஓடிப் பழகினேன். மெக்கானிக்குகள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

அன்று காலையில் எல்லோரும் கிளம்பிப் போனபிறகு நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். முதல் ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு நெஞ்சை அடைத்தது. இரண்டாவதில் உன்மேல் கோபம் வந்தது. இதையா பிடித்துப்போய் தினம் விடியுமுன் எழுந்து ஓடினாய்? நாய் துரத்துகிறது, காலில் கல் குத்துகிறது, வியர்வை கண்ணில் வழிகிறது. பிறகு ஒரு வளைவில் காற்று வந்தது, கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. சரி, இதற்குத்தானா என்று மட்டும் நினைத்தேன்.

மாந்தோப்பு ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் போனவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். குப்பம் ஊர்க் கிரானைட் கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பேர், ஒரு நர்ஸம்மா, அவளுடைய வீட்டுக்காரர். உன் விஷயம் கேள்விப்பட்டு, யாரும் கேட்காமலே அவர்களும் கடைசியாக வருவதாகச் சொன்னார்கள். கடைசியாக வருவதற்கு ஏழு பேருக்குள் போட்டி!

எலுமிச்சைத் தண்ணீர் தீர்ந்து, மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே கமிட்டி வேன் வந்தது. செயலாளர் தலையை நீட்டினார்.

"வேன் எக்கண்டி. டைம் அயிபோதுந்தி."

ஏறுங்கள், நேரம் முடியப்போகிறது என்கிறார். போன வருஷம் முடிந்துவிட்டது, இந்த வருஷம் முடியப்போகிறது!

"நேனு எக்கனு" என்றாள் ஸ்வப்னா. முட்டி வலியில் நொண்டிக்கொண்டே இருந்தாள், ஆனாலும் ஏற மாட்டேன் என்றாள். ஆபிரகாம் அண்ணன் கடிகாரத்தைச் செயலாளர் முகத்துக்கு நேரே காட்டினார். "நேரம் கீது சார். நீங்க போங்க."

இறங்க ஆரம்பித்தோம். உன்னை அடித்த இடம் வந்ததும் எல்லோரும் நடந்தோம். அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது. ஆம்புலன்ஸ் என்றால் நான் உடனே ஒதுங்கியிருப்பேன். இது அந்தச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் மூன்று கார், இந்த வருஷத்துப் பெரிய மனிதர். இந்த வருஷமும் திறந்துவிட்டார்கள், சுகுணா! நீ செத்த அதே ரோட்டை, அதே ஆட்கள்.

முன் காரிலிருந்து ஒருவன் இறங்கி ஓடி வந்து, "ஜரகண்டி, ஜரகண்டி" என்று கையை வீசினான். திருமலையில் சாமி முன்னால் அந்தச் சொல்லைக் கேட்டு நாம் எத்தனை முறை நகர்ந்திருப்போம். அங்கே நகர்ந்தேன். இங்கே நகரவில்லை.

"ஜருக மாட்டேன்" என்றேன். "போன வருஷம் இதே எடத்துல எம்பொண்டாட்டி ஓரமாத்தான் போயிகினு இருந்தா. ஓரமா போனவளத்தான் அடிச்சுக் கொன்னீங்க. நாங்க நடுவுலதான் போவோம். உங்க சாருக்கு அவசரம்னா எங்களோட எறங்கி நடக்கச் சொல்லு."

ஏழு பேரும் கையைக் கோத்து ரோட்டை நிறைத்து நடந்தோம். பின்காரின் கண்ணாடி இறங்கியது. ஒரு முகம் பார்த்தது. கண்ணாடி மறுபடி ஏறிக்கொண்டது. அவ்வளவுதான். ஹாரனும் நின்றது. மூன்று காரும் அவற்றுக்குப் பின்னால் வந்த எல்லா வண்டிகளும் முதல் கியரில் உறுமிக்கொண்டு இறக்கம் முழுக்க எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்தன. வண்டி ஓட்டிய இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை.

மைதானத்தில் காற்றடைத்த வளைவைச் சரித்துவிட்டிருந்தார்கள். துணி தரையில் கிடந்தது. தீபா அதன் பக்கத்தில் நின்று, "எங்க நைனா இன்னும் வரல, அத ஏத்துங்க" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்ற வைத்தாள். பாதி நிமிர்ந்த வளைவுக்குள் குனிந்து போனோம்.

ஜவுளிக்கடைக்காரர் மெடலோடு வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கெட்டியாகவே பிடித்தேன். "இது அப்பறம். மொதல்ல மைக்குல சொல்லு. சுகுணா உங்க ஓட்டத்துலதான் செத்தான்னு சொல்லு."

"ஏமண்டி, இப்புடா..."

"இப்பதான்."

அவர் மேடையைப் பார்த்தார், பெரிய மனிதர் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். மைக்கை வாங்கினார். "கதேடாதி மன ரன்னர் சுகுணாகாரு பரிகெத்துதூ சனிபோயாரு" என்றார். போன வருஷம் நம் ஓட்டக்காரர் சுகுணா ஓடும்போது இறந்துபோனார். மன ரன்னர். அந்தச் சொல்லை வாங்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. ரோட்டை யார் திறந்தது என்பதை அவர் விழுங்கிவிட்டார்.

அதற்குக் கூட்டம் கை தட்டியது. எதற்குத் தட்டினார்கள்? கேட்காமலே தட்டிப் பழகிய கைகள். எனக்கு அடங்கியிருந்த கோபமெல்லாம் மறுபடி ஏறியது. மெடலை அவர் கையிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

அடுத்த முறை கடைசி ஆள் வரும்வரை ரோடு மூடியே இருக்கும் என்று பிறகு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். வெறும் வாய்ச்சொல். நான் நம்பவில்லை. ரோட்டைத் திறந்தவர்கள்மேல் புகார் கொடுக்க வக்கீலைப் பார்த்திருக்கிறோம். ஆபிரகாம் அண்ணனும் ஸ்வப்னாவும் சாட்சி சொல்கிறார்கள். நாளாகும் என்கிறார் வக்கீல். ஆகட்டும்.

என் கோபம் ஆறட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அக்கா சொல்கிறாள், டிப்போவில் சொல்கிறார்கள். ஆற வேண்டாம் என்றுதான் நானும் தினம் காலையில் ஓடுகிறேன். உனக்கு ஒரு சொல் கொடுக்கிறேன், சுகுணா. என் கால் நடக்கிற வரைக்கும், அந்த இறக்கத்தில் யார் எவ்வளவு மெதுவாக வந்தாலும், அவர்களுக்குப் பின்னால் ஒருத்தன் வருவான். அவன் ரோட்டின் நடுவில்தான் வருவான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், தீபாவின் நைனா